கணவர் பெயரைத் தயங்காமல் சொன்ன பெண்

பதிவுத்துறைப் பணியாளர் சங்கத்திலிருந்து சிறப்பு மலர் ஒன்று கொண்டுவரப் போகிறார்களாம். இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "மேடம், நீங்க ஒருதடவை ஆள்மாறாட்டம் பிடிச்சீங்களே, அதை ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. இப்பல்லாம் விரலை வெச்சா மிஷினே ஆளைச் சொல்லிருது. அப்ப எப்படித்தான் கண்டுபிடிச்சீங்களோ!" என்றார்கள். கேட்டதை எழுதுகிறேன். அதற்குப் பின்னால் நடந்த இன்னொன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். மலரில் அதைப் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவள் நான். முதல் சில வருடங்கள் வில்லங்கம் தேடுவதிலேயே போயின. ஒரு சொத்தின் பேரில் முன்பு என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பழைய அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து எழுதும் வேலை. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வதற்குத் தும்மலைத் தவிர எதுவும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவையிலேயே ஓர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. நகரின் கணபதிப் பகுதி வீடுகள் சில எங்களிடம் பதிவுக்கு வரும் என்பது போதும்.

அப்போது கணபதியில் சந்துக்குச் சந்து பட்டறை. சோளக்காட்டை மனையாக்கி விற்பதும், மனையில் வீடு கட்டி விற்பதும், கட்டிய வீட்டைக் கைமாற்றுவதுமாக ஊரே பரபரப்பாக இருந்தது. முகூர்த்த நாளில் எங்கள் அலுவலக வாசலில் கல்யாண மண்டபம் மாதிரிக் கூட்டம் நிற்கும். சாப்பாடு மட்டும்தான் கிடையாது.

கணினி எதுவும் இல்லாத காலத்தில் ஒரு வீடு எப்படி விலையானது என்று சொல்லிவிடுகிறேன். பத்திர எழுத்தர் முத்திரைத்தாளில் கிரயப் பத்திரம் எழுதிக் கொண்டுவருவார். விற்பவர் சார்பதிவாளர் முன்னால் நிற்க வேண்டும். சார்பதிவாளர் அவருடைய பெயரையும் தகப்பனார் அல்லது கணவர் பெயரையும் கேட்பார். 'இவர்தான் அவர், எங்களுக்குத் தெரியும்' என்று இரண்டு சாட்சிகள் சொல்லிக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு ரேகை. கண்ணாடிப் பலகையில் மையைத் தடவி, இடது கட்டைவிரலை நகத்தோரத்திலிருந்து நகத்தோரம் வரை உருட்டி எடுக்க வேண்டும். அழுத்தினால் அப்பிக்கொள்ளும், விட்டால் விழாது. பெண்களுக்கு ரேகை எடுப்பது என் வேலை. மண்ணெண்ணெய் நனைத்த துணி கொடுத்தாலும் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். விரலைத் தலைமுடியில் ஒரு தேய், அவ்வளவுதான். வாங்குபவருக்கு அந்தக் காலத்தில் ரேகை எடுப்பது கிடையாது. ஆகவே ஒரு பெண் பத்து வருடம் முன்பு தன் பேரில் வாங்கிய வீட்டை இன்றைக்கு விற்க வந்தால், வந்திருப்பவர் அவர்தானா என்று ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் ஒன்றும் இருக்காது. சாட்சிகளின் வாய்தான்.

சார்பதிவாளர் துரைசாமி சார். குரலை உயர்த்த மாட்டார். கையெழுத்துப் போடும் முன் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு, விற்பவரின் முகத்தைப் பார்ப்பார். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். சரியாகப் பத்து எண்ணும் நேரம். அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறப்பார். பார்வை மங்கல் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். நாம் எதைச் சொன்னாலும் "அது எந்தப் பிரிவும்மா?" என்பார். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒன்று அவர் காதில் ஏறாது. எங்கள் பக்கத்தில் பிரியமாக அழைப்பவர்கள்தான் 'கண்ணு' என்பார்கள். அவர் கோபம் வந்தால் மட்டும் சொல்வார். அந்தக் 'கண்ணு' எப்போது வருமோ என்று அலுவலகமே பயந்து கிடக்கும்.

அவருக்கு இருந்த பொறுமை முழுவதும் ஒரே ஒரு கேள்விக்குச் செலவாகும். "உங்க வீட்டுக்காரர் பேரு என்னங்கம்மா?" அந்த வயதுப் பெண்கள் யாரும் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சாட்சியைத் திரும்பிப் பார்ப்பார்கள். "பழனி மலைச் சாமி பேருங்க" என்பார்கள். "சனிக்கிழமை விரதம் இருப்பமல்லங்க, அந்தச் சாமி" என்பார்கள். ஒரு அம்மாள் ஆறு விரலைக் காட்டி, முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். செத்துப்போய் இருபது வருடம் ஆன மனிதரின் பெயரைக்கூடச் சொல்லாமல் அழுதவர் உண்டு. கடைசியில் பத்திர எழுத்தர் பொறுக்க மாட்டாமல் சொல்லிவிடுவார்.

ஒருநாள் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், வெள்ளைச் சேலையில், கணபதியில் இருக்கும் தன் வீட்டை விற்க வந்து நின்றார். சார் அதே கேள்வியைக் கேட்டார். "ஆறுமுகமுங்க. அவிக அப்பா பேரு காளியப்பனுங்க" என்றார் அந்தப் பெண். கணவர் பெயர், மாமனார் பெயர் இரண்டும் ஒரே மூச்சில். என் கை நின்றுவிட்டது. ஒரு துண்டுத் தாளில் 'புருஷன் பேரைச் சொல்கிறார்' என்று எழுதி சார் பக்கம் நகர்த்தினேன். படித்தார். பேனாவை மூடி வைத்தார். பத்து எண்ணினேன், இருபது எண்ணியும் அவர் திறக்கவில்லை. "கொஞ்சம் வேலை இருக்குதுங்கம்மா, மத்தியானத்துக்கு மேல வாங்க" என்று அனுப்பிவிட்டு, அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அவர் சைக்கிளில் அந்தத் தெருவுக்குப் போய், வேறு யாரோ ஒருவரின் வீட்டைத் தேடுவது போல விசாரித்தார். விற்பதற்கு எழுதியிருந்த வீட்டில் உண்மையான அம்மாள் முறத்தில் கொள்ளுப் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் வீடு விலையாகிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

வெள்ளைச் சேலைப் பெண் மத்தியானம் வரவில்லை. சாட்சிகளும் வரவில்லை. சார் அதற்குப் பிறகுதான் மாவட்டப் பதிவாளருக்கு அறிக்கை எழுதினார். காவல் நிலையத்துக்கும் போயிற்று. ஆளைப் பிடித்தார்கள். அந்த அறிக்கையில் என் துண்டுத் தாளைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆளடையாளத்தில் ஐயம் ஏற்பட்டு விசாரித்ததில் உண்மை தெரிந்தது என்று மட்டும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"நீ சொன்னதை வெச்சு நாம போயிப் பாத்தம். அதுக்கு அது போதும். அதையே எழுதறதுக்குப் போதாதும்மா" என்றார் சார்.

நான் தலையாட்டினேன். ஆனால் அவர் சொன்னதில் முதல் பாதியைத்தான் எடுத்துக்கொண்டேன் என்பது பிறகு தெரிந்தது. அலுவலகத்தில் என் பேர் பரவிவிட்டது. பத்திர எழுத்தர்கள் "அம்மணிகிட்ட ஏமாத்த முடியாதப்பா" என்று கேலி செய்வார்கள். எனக்கு அது இனித்தது. அன்றிலிருந்து கணவர் பெயரைக் கேட்கும் நேரத்தில் பெண்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருடம் கழித்து துரைசாமி சார் கண் அறுவைக்காக இரண்டு வாரம் விடுப்பில் போனார். பார்வை மங்கல் என்று ஊர் சொன்னது உண்மையாகிவிட்டது. அதற்குள் நான் மூத்த உதவியாளராகியிருந்ததால் சார்பதிவாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த நான்காம் நாள் நாச்சம்மாள் வந்தார்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. கணபதியில் ஒரு சந்துக்குள் ஒன்றரை சென்ட் ஓட்டு வீடு, அவர் பேரில் வாங்கியது. வாங்க வந்தவர் காஜா பாய். டவுனுக்குள் தையற்கடை வைத்திருந்தவர், மூத்த மகளுக்காக வாங்குகிறார். அசல் பத்திரம் இருந்தது. வில்லங்கம் இல்லை. பத்திர எழுத்தர் நீட்ட, நான் கேள்விகளை ஆரம்பித்தேன்.

"பேரு?"

"நாச்சம்மாளுங்க."

"வீட்டுக்காரர் பேரு?"

"சென்னியப்பன்."

சாட்சியைப் பார்க்கவில்லை. தலையைக் குனியவில்லை. ஒரு 'ங்க'கூடப் போடவில்லை. கடையில் சாமான் கேட்பது போலச் சொன்னார். என் காது நிமிர்ந்தது.

"ரேஷன் கார்டு கொண்டாந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. அது என்ற கொழுந்தனாரு ஊட்டுல இருக்குதுங்க. கேட்டாக் குடுக்க மாட்டாருங்க."

சாட்சிகள் இரண்டு பேரும் பெண்கள். மில்லில் உடன் வேலை செய்பவர்கள், சிங்காநல்லூர்க்காரர்கள். "நீங்க குடியிருக்கிற சந்துல இருந்து யாரும் வரலையா?" என்றேன். "அவிக வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார். வந்ததிலிருந்து நாலைந்து தடவை வாசலைப் பார்த்துவிட்டார்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? இரண்டாவது ஆளைப் பிடித்துவிட்டேன், அதுவும் சார் இல்லாதபோது, நானே என்று நினைத்தேன். பத்திரத்தைப் பதியாமல் நிறுத்திவைத்து நிலுவை எண் போட்டேன். ஆளடையாளத்தில் ஐயம் உள்ளது, விசாரித்து அறிக்கை தரவும் என்று கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு கடிதம். மாவட்டப் பதிவாளருக்கு அதன் நகலோடு ஓர் அறிக்கை. ஐயத்துக்குக் காரணங்கள் என்று நான்கு எழுதினேன். முதல் காரணம், கணவர் பெயரைத் தயக்கமின்றிக் கூறியது.

"எத்தனை நாளாகுமுங்க?" என்று நாச்சம்மாள் கேட்டார்.

"ஒரு வாரம். விசாரிச்சுட்டு வந்துரும்."

"சந்துக்குள்ள வந்துங்களா விசாரிப்பாங்க? அவிகளுக்குத் தெரிஞ்சுபோகுமுங்களே அம்மணி."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. "நீங்க நிஜமான ஆளா இருந்தா, தெரிஞ்சா என்னங்கம்மா?" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு நான் கெட்டிக்காரியாகத் தெரிந்தேன். நாச்சம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். காஜா பாய் மட்டும் என் மேசையருகே வந்து, "அஞ்சு வருசமாத் தெரியுமுங்க மேடம். நம்ம கடைக்குத்தான் துணி தைக்கக் குடுப்பாங்க" என்றார். வாங்குபவர் சாட்சியாக முடியாது என்று அவருக்கும் விதியை எடுத்துச் சொன்னேன்.

கிராம நிர்வாக அலுவலரின் ஆள் அந்தச் சந்துக்குள் போனார். சந்தின் முதல் வீடு கொழுந்தனாருடையது. அவரிடமே கேட்டிருக்கிறார், "நாச்சம்மாங்கிறது யாரு, அந்த ஊட்டை விக்கறாங்களாமே?" என்று. அடுத்த வாரம் ஒரே நாளில் இரண்டு காகிதங்கள் என் மேசைக்கு வந்தன. காலைத் தபாலில் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை: மேற்படி நபர் உண்மையான நாச்சம்மாள்தான். மத்தியானம் நீதிமன்றத்திலிருந்து தடையாணை: வீடு தன் அண்ணன் பணத்தில் குடும்பத்துக்காக வாங்கியது, தனக்கும் பங்கு உண்டு என்று கொழுந்தனார் வழக்குப் போட்டிருக்கிறார், வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது. அந்த அறிக்கை வந்த உடனேயே நான் பதிந்திருந்தால் ஒருவேளை வேலை முடிந்திருக்கலாம். ஆனால் விற்பவரை வரச்சொல்லித் தபால் எழுதிக்கொண்டிருந்தேன். விதி அப்படி.

நாச்சம்மாள் மறுநாள் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எதிரே உட்கார்ந்து, சேலை முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னுங்க அம்மணி அப்படி நாஞ் செஞ்சுபோட்டேன்? எதுனால என்ற மேல சந்தேகம் வந்துச்சு?" என்று கேட்டார்.

சொன்னேன். கணவர் பெயரைச் சட்டென்று சொன்னதால் என்றேன்.

அவர் முந்தானையை மடியில் போட்டார். "என்ற புள்ளைக்கு மூணு வயசு ஆகறப்போ பஸ் ஏறிப் போனவருங்க அவரு. எங்க இருக்கறாரோ, இருக்கறாரோ இல்லையோ. மில்லுல சேர்ற பாரத்துல எழுதோணும், பள்ளிக்கூடத்துல சொல்லோணும், ஆஸ்பத்திரியில சொல்லோணும். எல்லாப் பக்கமும் நானேதானுங்க சொன்னேன். பக்கத்துல நின்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இருந்தாத்தானுங்க சொல்லாம இருக்க முடியும்?" என்றார்.

பிறகு மீதியையும் சொன்னார். கொழுந்தனாருக்கு அந்த வீட்டின் மேல் கண். தண்ணிக் குழாயை அடைப்பார், குடித்துவிட்டு வாசலில் வந்து நின்று பேசக் கூடாததைப் பேசுவார். ரேஷன் கார்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதும் அதற்குத்தான். சென்னிமலையில் தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் பக்கத்திலேயே இரண்டு அறை பார்த்து வைத்திருந்தாள். இவர் யாருக்கும் தெரியாமல் விற்றுவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறிவிடுவதாக இருந்தார். துணிமணி எல்லாம் முன்னமே போய்விட்டது. சந்தில் ஒருவருக்கும் தெரியக் கூடாதென்றுதான் மில் சாட்சிகள். வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது கொழுந்தனார் வந்துவிடுவாரோ என்ற பயத்தில்.

நான் எழுதிய நான்கு காரணங்களும் உண்மைதான். நான்குக்கும் விளக்கம் அந்தப் பெண்ணிடம் இருந்தது. காஜா பாய் மூன்று மாதம் காத்திருந்தார். மகள் கல்யாணம் நெருங்கியதும் வேறு வீடு பார்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டு வார விடுப்பு முடிந்ததும் துரைசாமி சார் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். நாச்சம்மாள் கோப்பை நானே எடுத்து அவர் முன் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றி, தாளை முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். முதல் காரணம் இருந்த பக்கத்தில் அதிக நேரம் இருந்தார். கோப்பை மூடினார்.

"விதிப்படி எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றார். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. "எழுதறதுக்கு மின்ன, அந்தம்மாவைத் தனியாக் கூப்பிட்டு, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா கண்ணு?"

"இல்லீங்க சார்."

அவர் கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். அடுத்த பத்திரத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொறுப்பில் இருந்தபோது விழிப்புடன் செயல்பட்டதற்காக எனக்குப் பாராட்டு. சார் அதைப் படித்துவிட்டு, "பணிப் பதிவேட்டுல சேர்த்துருங்க" என்று குமாஸ்தாவிடம் கொடுத்தார். அது இன்றும் அங்கேதான் இருக்கும். எனக்குப் பதவி உயர்வு வந்தபோது அதையும் எடுத்துக் காட்டினார்கள்.

வழக்கு ஆறு வருடம் நடந்தது. அதற்குள் துரைசாமி சார் ஓய்வு பெற்றுவிட்டார். நான் வெளியூரெல்லாம் சுற்றிவிட்டு, சார்பதிவாளராகப் பழைய அலுவலகத்துக்கே வந்தேன். ஒரு தை மாதம், முற்பகலில், விடுதலைப் பத்திரம் ஒன்று மேசைக்கு வந்தது. தனக்குள்ள பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் அது. எழுதிக் கொடுப்பவர் நாச்சம்மாள். வாங்கிக்கொள்பவர் கொழுந்தனார். வழக்கில் சமாதானமாகிவிட்டதாம். வீட்டின் முழு உரிமையும் கொழுந்தனாருக்கு. நாச்சம்மாளுக்கு ஒரு தொகை. பத்திரத்தில் போட்டிருந்த அந்தத் தொகைக்குச் சென்னிமலையில் இரண்டு அறை என்ன, அரை அறைகூட வராது.

அவர் நன்றாக இளைத்திருந்தார். மில்லை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருக்குப் பின்னால் கொழுந்தனார் நின்றார். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு, பணிவான சிரிப்பு. இந்தத் தடவை சாட்சிகள் இருவரும் அதே சந்துக்காரர்கள். ரேஷன் கார்டு இருந்தது. கொழுந்தனாரே எடுத்து மேசையில் வைத்தார். நீதிமன்றத்தில் கொடுத்த சமாதான மனுவின் நகல் இருந்தது. வரி ரசீது இருந்தது. ஒரு குறை இல்லை.

எழுதிக் கொடுப்பவர் தன் வாயால் ஒப்புக்கொண்டால்தான் பத்திரத்தைப் பதியலாம். இல்லை என்றால் மறுத்துவிடலாம். அந்த அதிகாரம் எனக்கு இருந்தது. "சம்மதத்தோட எழுதிக் கொடுக்கறீங்களா? யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்டேன்.

அவர் பின்னால் நின்ற கொழுந்தனாரைத் திரும்பிப் பார்த்தார். நான் கொழுந்தனாரையும் சாட்சிகளையும் வெளியே நிற்கச் சொன்னேன். "எதுக்குங்க மேடம், அல்லாம் பேசி முடிச்சதுதானுங்க" என்று அவர் இழுத்தார். வெளியே நில்லுங்கள் என்று மறுபடி சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை நாச்சம்மாள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதே கேள்வியைக் கேட்டேன்.

"இல்லீன்னு சொன்னா என்னுங்க பண்ணுவீங்க அம்மணி?"

"பதிய மாட்டேன். மறுத்து எழுதிருவேன்."

"அப்புறமுங்க?"

அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியும். வழக்கு மறுபடி உயிர் பெறும், வாய்தா போடுவார்கள், இவர் அதே சந்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

"அன்னிக்கு இந்த மாதிரிக் கதவைச் சாத்திக் கேட்டிருந்தீங்கன்னா நாஞ் சொல்லியிருப்பனுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "இப்ப சம்மதமுன்னே எழுதிக்குங்க. இன்னொரு ஆறு வருசத்துக்கு எனக்குத் தெம்பில்லீங்க."

'சம்மதம்' என்று எழுதினேன். மற்றவர்களை உள்ளே கூப்பிட்டேன். உதவியாளப் பெண் ரேகை எடுக்க வந்தாள். அவளை நகரச் சொல்லிவிட்டு நானே எடுத்தேன். அவர் விரல் சில்லென்றிருந்தது. எல்லாத் தாளும் சரியாக இருந்ததால் அன்று மாலைக்குள் பத்திரம் பதிவாகிவிட்டது.